மலைநாட்டைக் காண வரும் தமிழன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்கரப்பத்தனை,
மத்திய மலைநாடு.

அன்பும் மதிப்பும் மிக்க யாத்திரிகர்களே,

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும், பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை, மதுரை, திருச்சி ஆகிய நகரங்களிலிருந்தும், இன்னும் தொலைவாய் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய தூர தேசங்களிலிருந்தும் விடுமுறைக் காலங்களிற் குடும்ப சமேதராய் மலைநாட்டைத் தரிசிக்க வருகின்ற தமிழ் மக்களாகிய உங்களுக்கு, தலவாக்கலையிலிருந்து லிந்துலையைக் கடந்து டயகமவை நோக்கி ஏறிச்செல்லும் நெடுவீதியின் ஓரத்திலுள்ள இச்சிற்றூரிலிருந்து எழுதப்படும் விண்ணப்பம் இது. உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சியே தருகின்றது. பிரயாணம் செய்வது மனிதனை விசாலமாக்கும் என்பதிலும், அழகைத் தேடிப் போவது குற்றமாகாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும், உலகத்தில் வேறெந்தத் தேசத்து யாத்திரிகருக்கும் வாய்க்காத பாக்கியம் ஒன்று உங்களுக்கு இங்கே வாய்த்திருக்க, அதனை நீங்கள் எடுத்துக்கொள்ளாமலே திரும்பிப் போகின்றீர்களே என்னும் ஆதங்கம் நெடுநாளாய் என் நெஞ்சில் இருந்து வருகின்றது. அதனைத் திறந்து சொல்லவே இம்மடல்.

அந்தப் பாக்கியம் யாதெனிற் கூறுவேன். எகிப்தின் பிரமிட்டுகளைக் காணப் போகின்ற தமிழர் ஒருவர், அவற்றை எழுப்பிய கைகளுக்குரியவர்களோடு ஒரு வார்த்தையேனும் பேச முடியாது. ஆக்ராவின் பளிங்கு மாளிகையைக் காண்பவர், அக்கல்லை இழைத்த சிற்பியை எங்கும் சந்திக்க இயலாது. மலைநாட்டிலோ, நீங்கள் வியந்து நிற்கும் காட்சியை ஆக்கியவர்கள் உயிரோடு உங்கள் கண்முன்னே நிற்கின்றார்கள். அவர்கள் பேசுவது உங்கள் தாய்மொழி. ஜெர்மானியரும் சீனரும் வழிகாட்டியின் வாயை எதிர்பார்த்து நிற்க வேண்டிய இடத்தில், உங்களுக்கு இடையாள் எவரும் தேவையில்லை. இருந்தும், வீதியோரத்தில் வான் வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடிகளைப் பின்னணியாக வைத்துப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் ஏறிப் போகின்றவர்களில் நம்மவர்களே மிகுதி என்பதை அன்றாடம் காண்கின்றோம்.

உங்கள் பயணத் திட்டத்தை நான் அறிவேன். ஏப்ரல் மாதத்து வசந்த காலமாயின் நுவரெலியாவின் மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும். மற்றக் காலங்களில் கிரகரி வாவியும், விக்டோரியா பூங்காவும், சிங்கோனா பயிரிடும் பொருட்டு 1861இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் மலர்வனமாய் விளங்கும் ஹக்கலைத் தாவரவியற் பூங்காவும். பக்தியுடையோர்க்குச் சீதாஎலிய அம்மன் ஆலயமும் இறம்பொடை அனுமார் ஆலயமும். இளைஞர்களுக்கு எல்லவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். இவை யாவும் காணத்தக்கவையே. இவற்றுள் ஒன்றையேனும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவற்றுக்கு இடையே, வாகனத்தின் இருபுறமும் மணிக்கணக்காய் விரிந்து கிடக்கின்ற பசுமையை மட்டும் இயற்கையின் கொடை என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அது இயற்கையன்று. தேயிலை என்பது தன் போக்கில் விடப்பட்டால் முப்பது அடிக்கு மேலும் உயர்ந்து வளரக்கூடிய மரம். அதனை இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பைச் சமமாக்கி வைத்திருப்பது, ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியையும் தேடி வந்து கொழுந்தெடுக்கின்ற பெண்களின் விரல்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் அதனை வெட்டி அடக்குகின்ற ஆண்களின் தோள்களுமே. சரிவிலுள்ள மண் ஒரே மழையிற் கரைந்து ஆற்றோடு போகாதபடி மலையின் குறுக்கே வெட்டப்பட்டிருக்கும் கான்களும், அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கற்கட்டுகளும், வரிசையாய் நிற்கும் நிழல் மரங்களும் மனித சிருஷ்டிகளே. கவிஞர்கள் பச்சைக் கம்பளம் என்று வர்ணிக்கும் அந்த விரிப்பு, கைகள் ஓய்ந்துவிட்டால் ஐந்தாறு வருஷங்களிற் காடாகிவிடும். ஆள் இல்லாமற் கைவிடப்பட்டுக் காடேறிப்போன மலைகள் எங்கள் பகுதியிலேயே உண்டு. அவற்றின் எதிரே எந்த வானும் நிற்பதில்லை.

இக்காட்சிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1820களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையிற் கோப்பிப் பயிரைத் தொடங்கிய நாள் முதலாக, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, சேலம் ஆகிய பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காட்டினூடே மாத்தளை வரையிற் கால்நடையாய் நடந்தார்கள். வாந்திபேதியும் பசியும் அவ்வழியிற் கொண்டுபோன உயிர்களுக்குக் கல்லறைகள் இல்லை. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலையாகையால், அக்காலத்தில் அவர்களிற் பலர் வந்து வந்து போயினர். 1869இல் கோப்பி இலையைப் பற்றிய துருநோய் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்தொழித்தது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆண்டு முழுவதும் ஆள் கேட்பது. வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கிய காரணம் இதுவே. வரிசை வரிசையாய் லயங்கள் என்னும் தொடர் அறைகள் எழுந்ததும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பத்தின் பிறப்பும் இறப்பும் அடங்கியதும் இதனாலேயே. டெய்லரின் பெயரை ஒவ்வொரு வழிகாட்டி நூலும் சொல்கின்றது. அந்தப் பத்தொன்பது ஏக்கரைக் காடு வெட்டித் திருத்தியவர்களின் பெயர்களை எந்நூலும் சொல்வதில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இருக்கின்றார்கள், அவர்களைக் கேட்கலாம்.

இன்று உலகத்தின் அழகிய இரயிற் பயணங்களுள் ஒன்றென்று புகழ்ந்து, கதவோரத்தில் நின்று காற்று வாங்கி, நீங்கள் ஆனந்தமாய்ப் பிரயாணம் செய்யும் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் கண்டியை அடைந்த அவ்விருப்புப் பாதை, 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டிற்று. முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அது மலையேறியது. பின்னொரு காலத்தில் அது மனிதரையும் இறக்கிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் இரு தேசத்துப் பிரதமர்களும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அதன்பின் இதே தண்டவாளங்களின் மீதுதான், தகரப்பெட்டியும் மூட்டையுமாய் ஏறியவர்களைச் சுமந்துகொண்டு கோச்சிகள் தலைமன்னாரை நோக்கிச் சென்றன. ஹட்டன் நிலையத்திலும் தலவாக்கலை நிலையத்திலும் தாயையும் மகளையும், அண்ணனையும் தம்பியையும் பிரித்த அந்த நாட்களின் ஒப்பாரி, அறுபது வயது கடந்த எவருடைய காதிலும் இன்னும் இருக்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் உதகமண்டலம் போகும் வழியிற் கூடலூரிலும் கோத்தகிரியிலும் காணுகின்ற அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள், அவ்வாறு திரும்பியவர்களுக்கு ஜீவனோபாயமாக 1968 முதல் உண்டாக்கப்பட்டவை. அங்கும் இங்குமாய்க் கழித்த உங்கள் இரண்டு கோடை விடுமுறைகளிலும் நீங்கள் கண்டது ஒரே குடும்பத்தின் இரு பாதிகளையே.

தலவாக்கலைக்கு அண்மையில், ஹட்டன் வீதியில் வருகின்ற எல்லோரும் இறங்கிப் பார்க்கும் இடம் டெவோன் நீர்வீழ்ச்சி. கோப்பித் துரை ஒருவரின் பெயரைத் தாங்கிய அவ்வருவி ஏறக்குறைய முந்நூற்றிருபது அடி உயரத்திலிருந்து விழுகின்ற காட்சி உண்மையில் மனோரம்மியமானது. அதே டெவோன் தோட்டத்தில், 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்தெடுத்துப் பிறருக்கு வழங்க முற்பட்டபோது, எங்கள் ஜீவனத்தை அறுக்காதீர் என்று திரண்டெழுந்த தொழிலாளர்கள் மீது பொலிசார் சுட்டதில், சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞன் உயிர் துறந்தான். அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் இதேபோலக் கோவிந்தன் என்னும் தொழிலாளி வீழ்ந்தான். அருவியைப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வார்? பார்த்த கண்ணோடு, இங்கே லெட்சுமணன் விழுந்த இடம் எது என்று அருகிற் செல்லும் பெரியவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்று போதும். அவர் உங்களை விட்டுப் போகமாட்டார்.

இனி, வீதியோரத்து மலைக்கு வருவோம். காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து, மலைக்கு ஏறிய பெண்கள் நிரை பிடித்து நிற்கின்றார்கள். இடுப்பில் ஈரம் ஏறாதபடி படங்கு. தலையின் மேல் மடித்த துணியில் தங்கிய கயிற்றிலிருந்து முதுகுப்புறமாய்த் தொங்கும் கூடை. செடியின் மேல் ஒரு கம்பைக் கிடத்தி மட்டம் பார்த்து, அதற்கு மேலெழுந்த இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் மாத்திரம், முற்றலும், வளர்ச்சி நின்ற வங்கி இலையும் கலவாமல், இரு கைகளாலும் ஒடித்து, உள்ளங்கை நிறைந்ததும் பின்னோக்கி வீசுகின்றார்கள். கண் அடுத்த செடிக்குப் போய்விட்டது, கொழுந்தோ தவறாமற் கூடைக்குட் சென்று சேர்கின்றது. காலடியில் அட்டை, பற்றைக்குள் எப்போது கலையும் என்று தெரியாத குளவிக் கூடு, மழை பெய்தால் வழுக்கும் களிமண். பல தோட்டங்களில் நாட்சம்பளத்துக்குப் பதினெட்டுக் கிலோ வரையிற் கொழுந்து காட்ட வேண்டும். தராசில் நிறுக்கையிற் கூடையின் நிறை என்றும் இலையின் ஈரம் என்றும் கழிவு போக எஞ்சியதே கணக்கில் ஏறும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்தால் ஒரு கிலோத் தேயிலை. அந்த மலையிலே ஒரு நிமிஷம் என்பது ஒரு பிடி கொழுந்து.

ஆதலால், வானிலிருந்து இறங்கியதும் கேமராவை முகத்துக்கு நேரே உயர்த்திவிடாதீர்கள். நிரையின் நடுவே நுழைந்து, கூடையை வாங்கித் தம் முதுகில் மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிப்பதாய்ப் பாவனை செய்து படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வேலையைக் கெடுப்பதோடு, வேலை செய்பவரின் கௌரவத்தையும் குறைக்கின்றது. வீதிக்கரையில் நின்று, "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். சரி என்றால், படத்தோடு நின்றுவிடாமல், "உங்க தாத்தா பாட்டி எந்த ஊர்ப் பக்கம்?" என்றும் கேளுங்கள். முசிறி என்றோ துறையூர் என்றோ பெரம்பலூர்ப் பக்கம் என்றோ விடை வரலாம். அது உங்கள் பாட்டனாரின் ஊராகவும் இருக்கலாம். சில்லறைக் காசை நீட்டுவது மாத்திரம் வேண்டாம். எம்மவர் எதிர்பார்ப்பது இரக்கமன்று. உறவுள்ள மனிதர் உறவுள்ள மனிதரைப் பார்த்துப் பேசும் இயல்பான பேச்சே.

உலகம் இத்தகைய இடங்களை எவ்வாறு பாவிக்கின்றது என்பதையும் சற்று நோக்குவோம். மொரீஷியஸ் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் அப்பிரவாசி காட் என்றொரு ஸ்தலம் உண்டு. 1834 தொடங்கி, இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் கப்பலிலிருந்து இறங்கிப் பதிவாகிய இறங்குதுறை அது. மாளிகையோ கோபுரமோ அன்று. கருங்கற் படிகளும் சில சுவர்களும் குளியலறைகளுமே அங்கு எஞ்சியுள்ளன. ஆயினும் 2006இல் யுனெஸ்கோ அதனை உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அத்தீவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் அப்படிகளையும் சென்று காண்கின்றார்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தின் இபுகாவோ மலைகளில் மக்கள் அடுக்கடுக்காய்க் கட்டிய நெல்வயல்கள் 1995இல் அதே பட்டியலில் இடம்பெற்றன. பராமரிப்பார் குறைந்து வரம்புகள் சரியத் தொடங்கவே, 2001இல் அவை ஆபத்திலுள்ள சின்னங்கள் என்று அறிவிக்கப்பட்டன. பெருமுயற்சியின் பின் 2012இலேயே அப்பழி நீங்கிற்று. முதலாவது, உழைத்தவரின் சுவடே வணங்கத்தக்க காட்சி என்பதை உணர்த்துகின்றது. இரண்டாவது, கட்டியவர்களின் வாழ்வு தளர்ந்தாற் காட்சியும் தளரும் என்பதை உணர்த்துகின்றது. எங்கள் இளைஞரும் யுவதிகளும் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி நாளும் கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருக்கையில், இரண்டாவது பாடம் எங்களுக்கு அயல் நாட்டுச் செய்தியன்று.

இந்நாட்டிலும் அத்தகைய சுவடுகள் உண்டு. ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலைக்குப் போய் இயந்திரங்களைக் கண்டுகளிப்பவர்கள், கம்பளைப் பகுதியிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றிலேயே அமைக்கப்பெற்றிருக்கும் தோட்டத் தொழிலாளர் நூதனசாலைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வட்டகொடையின் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாய்ப் பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் எழுத்துக்களை வாசித்துவிட்டு மலையேறுங்கள். எங்கள் வரவின் இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் எங்கள் மக்கள் முன்னோரின் வழியே நடந்தார்களல்லவா, அவ்வழியின் ஒரு பகுதியையேனும் உங்கள் பிள்ளைகளோடு கடந்து செல்லுங்கள். மாசி மாதத்தில் வரக்கூடியவர்கள் கட்டாயம் வாருங்கள்: பிறை கண்டபின் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மன்மதனும் லயம் லயமாய் ஆடிவர, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனத்தோடு நிறைவுறும் காமன்கூத்து, எந்த ஹோட்டலின் நிகழ்ச்சி நிரலிலும் அகப்படாது, விடிய விடிய நடக்கும் அக்கூத்தில் விருந்தினருக்கு எப்போதும் இடமுண்டு.

எங்கள் அக்கரப்பத்தனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயகமத் தோட்டங்களின் தேயிலை முடியும் எல்லையிலேயே ஹோட்டன் சமவெளிக் காடு தொடங்குகின்றது. 1988இல் தேசிய வனமாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக பாரம்பரியத்தின் அங்கமாகவும் பிரகடனம் பெற்ற அச்சமவெளியின் "உலக முடிவு" என்னும் மலைவிளிம்பைக் காண, பனி மூடுமுன் போய்ச்சேர வேண்டுமென்று விடியற்காலையில் நீங்கள் விரைகின்றீர்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று மகாநதிகளுக்கு நீர் தருவது அம்மேட்டு நிலம். அங்கிருந்து எங்கள் ஊரூடே இறங்கும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவின் வழியே மகாவலியோடு கூடிக் கிழக்குக் கடலைச் சேர்கின்றது. மேலே நீங்கள் எறியும் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், கீழே லயத்துப் பிள்ளைகள் குளிக்கும் நீரில் வந்து மிதக்கும். காட்டு வாயிலில் மாத்திரமன்றி, வழியெங்கும் இதனை நினைவிற் கொள்ளுங்கள். திரும்புகையில், நேரமிருந்தால், எங்கள் கடைவீதியில் இறங்குங்கள். இங்கே பார்ப்பதற்கென்று கட்டப்பட்டது எதுவுமில்லை, ஆனால் தேத்தண்ணீரோடு மணிக்கணக்காய்க் கதை சொல்லக்கூடிய முதியோர் பலர் உண்டு.

அன்பர்களே, உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது பணமன்று, பரிதாபமன்று. இருநூறு ஆண்டுகளாய் இந்நாட்டின் செல்வத்தை முதுகிற் சுமந்தவர்களைப் பற்றி, பிறர் எழுதியதை உலகம் படித்திருக்கின்றது. அவர்கள் வாயாற் சொல்வதைக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்பதற்குரிய மொழியை நீங்கள் கருவிலேயே பெற்று வந்திருக்கின்றீர்கள். ஆகவே, அடுத்த முறை மலையேறுகையில் உங்கள் திட்டத்தில் ஓர் இடத்தைக் குறைத்துக்கொண்டு, அந்நேரத்தை ஒரு மனிதரோடு பேசுவதற்கென்று ஒதுக்குங்கள். ஊருக்குத் திரும்பியதும், நீர்வீழ்ச்சியின் படத்தைக் காட்டும்போது, அந்த மனிதர் சொன்னதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவர்கள் ஆயிரம் பேராகும்போது, எங்கள் சரித்திரத்துக்கு ஒரு நினைவுக்கல் வேண்டும் என்றும், எங்கள் லயங்களுக்குப் பதில் வீடுகள் வேண்டும் என்றும் நாங்கள் தனித்து நின்று கேட்க வேண்டிய நிலை நீங்கும். அதுவே உங்கள் யாத்திரையின் மெய்யான பலன் என்று நம்புகின்றேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்குரிய
அக்கரப்பத்தனை வாசி